செத்தவனுக்கு ஒரு டோக்கன்

அத்தியாயம் 6

“தணிகைவேல் என்று ஓர் ஆள் எங்கள் கேட்டை மிதித்ததே கிடையாது, சார்.”

கம்பெனி வக்கீல் இதைச் சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தொழிலாளர் ஆய்வாளர் அருணகிரி ஆம்பூரில் முகாம் போட்டிருந்த அந்த அறையில் மின்விசிறி ஓடவில்லை. நான் எதிர்ப்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் அந்தக் கேட்டை ஐந்து வருஷம் மிதித்தார். அவர் சட்டைகளைத் துவைத்தவள் நான். தோல் பதனிடும் அந்த டேனரியின் நாற்றம் எங்கள் தலையணையில் அப்போதும் இருந்தது.

தலையணையை எந்த ஆய்வாளர் முன்னாலும் கொண்டுபோய் வைக்க முடியாது.

“சாட்சி இருக்காம்மா?” என்று அருணகிரி கேட்டார்.

“கூட வேலை செஞ்சவங்க இருக்காங்க சார்.”

“வந்து சொல்லுவாங்களா?”

அந்த ஆட்களுக்கு மாசச் சம்பளம் கிடையாது. தினம் விடியற்காலையில் கேட்டு முன்னால் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி பெயரைக் கூப்பிட்டுப் பித்தளை டோக்கன் கொடுத்தால் அன்றைக்கு வேலை. கூப்பிடாவிட்டால் இல்லை. எனக்காக வந்து பேசுகிறவனை யாரும் வேலையை விட்டு நீக்க வேண்டியதே இல்லை. மறுநாள் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

“எனக்கும் மனசு இருக்கும்மா” என்றார் அருணகிரி. “ஆனா போலீஸ் ரிப்போர்ட்ல, குடிச்சிட்டு பாலாத்து மணல் பள்ளத்துல விழுந்து செத்தார்னு இருக்கு. கம்பெனி, அவர் எங்க ஆளே இல்லைங்குது. நாளைக்குப் பத்து மணிக்கு நான் வேலூர் திரும்பணும். அதுக்குள்ள ஒண்ணும் வரலேன்னா உங்க மனுவை முடிச்சுத்தான் ஆகணும்.”

மனு முடிந்தால் என் கணவர் குடித்துவிட்டு ஆற்றில் விழுந்தவர் ஆகிவிடுவார். அவர் குடிக்கமாட்டார். அவர் செத்த மார்கழி மாதத்தில் அந்தப் பள்ளத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. ஆளைத் தூக்கிவந்து அங்கே போட்டிருக்கிறார்கள். இதை நான் போகாத இடமெல்லாம் போய்ச் சொன்னேன். கடைசியில் கேட்டுக்கொண்டவர் பரந்தாமன் ஒருவர்தான்.

பரந்தாமன் வேலூரில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை விசாரித்து, பிறகு தனியாகத் துப்பறிய வந்தவர். ஒல்லியான உடம்பு, காலில் ரப்பர் செருப்பு. அவருடைய உதவியாளன் சம்பத். அவனிடம் ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிளும், எந்த நேரத்திலும் அடங்காத ஒரு வாயும் இருந்தன.

வெளியே படிக்கட்டில் பரந்தாமன் நின்றார்.

“சம்பத், புதுச் சட்டம் இன்னா சொல்லுது?”

“ரெண்டு வருஷத்துல நானூத்தி எண்பது நாள் ஒருத்தன் வேலை செஞ்சிட்டா, அவன் நிரந்தரத் தொழிலாளி சார். கூப்பிட்டாத்தான் வேலைங்கற கதையெல்லாம் அப்புறம் கிடையாது.”

“சட்டம் வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்தம்மா வூட்டுக்காரர் தினம் போயிருக்காரு. அவரு ஏன் நிரந்தரம் ஆகல?”

“சட்டம் வந்த அன்னிக்கே கேட்டுக்குப் பக்கத்துல ஒரு சந்தும் வெட்டியிருப்பாங்க சார்.”

“அந்தச் சந்தைத்தான் நாம தேடறோம்” என்றார் பரந்தாமன். “உங்க வூட்டுக்காரருக்கு நெருக்கமான ஆள் யாரும்மா?”

“சத்தார். தம்பி மாதிரி. ரெண்டு மாசமா என்னைப் பாத்தா சந்துல திரும்பிப் போய்டறான்.”

“அந்தச் சந்தையும் பாத்துடலாம்” என்றான் சம்பத்.

சத்தார் வீட்டு வாசலில் சாக்குத் திரை தொங்கியது. திரைக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி அக்தரி பேகத்தின் குரல் வந்தது.

“அவரு இல்லீங்க.”

“செருப்பு மட்டும் வூட்டுல இருக்குதே” என்றான் சம்பத். “அண்ணன் ரெண்டு காலையும் கழட்டி வச்சிட்டா போனாரு?”

உள்ளே பின்பக்கத்துக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சம்பத் ஓடப் பார்த்தான். பரந்தாமன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

திரை கொஞ்சம் விலகியது. அக்தரி பேகம் என்னை மட்டும் பார்த்தாள். அவள் முகம் வற்றிப்போயிருந்தது.

“அக்கா, அண்ணன் போனதுலேந்து அவரு சரியா தின்றதே இல்ல. உங்களைப் பாத்தா அந்த அரை வயிறும் போய்டும். மூணு புள்ளைங்க அக்கா. கேட்ல கூப்பிடலேன்னா நாங்க எங்க போவோம்? கும்புட்டு கேக்கறேன், போய்டுங்க.”

நான் திட்ட நினைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் அந்தத் திரையோடு நின்றுவிட்டன. திரும்பி நடந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஆம்பூர் டேனரிகளுக்கு விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்த ஆட்கள், வேலை இல்லாவிட்டாலும் கால் பழக்கத்தில், டேனரிக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். எனக்கு எதிரே அந்தக் கேட்டு மூடிக் கிடந்தது.

“கோவிந்தசாமிக்கு ஒண்ணு, சக்கரை கம்மி!” என்று டீ மாஸ்டர் குரல் கொடுத்தார்.

தலையில் வெள்ளைத் தொப்பியும், மார்புவரை தாடியும் உள்ள ஒரு பெரியவர் வந்து கிளாஸை எடுத்துக்கொண்டு போனார்.

சம்பத் என்னையும் பரந்தாமனையும் பார்த்தான். “மாஸ்டர், கோவிந்தசாமி எப்பலேந்து ஜும்மாவுக்குப் போறாரு?”

“அட நீ வேறப்பா. கேட்ல கூப்பிடற பேரு அது. போன வருசம் ஏழுமலை. அதுக்கு முந்தி அவரு அப்பா வச்ச பேரு. நேத்து வரைக்கும் வேற பேரா இருந்தவன் இன்னிக்கு காதரு. நான் பழைய பேரைச் சொன்னா மேஸ்திரி எம் மேல பாயறாரு. ஒரே பேஜாரு.”

பரந்தாமன் டீயைக் கீழே வைத்தார். “ஒரு பேரு எவ்ளோ நாளைக்கு ஓடும்?”

“ஒரு வருசம் ஓடும். அப்புறம் பேருக்கு ஒரு வருசம் ரெஸ்ட்டு.”

“ஆளுக்கு?”

“ஆளுக்கு ஏது சார் ரெஸ்ட்டு?”

பரந்தாமன் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் தாழ்ந்தது. “சந்து கிடைச்சுட்டுது. ஆளை மாத்தல, பேரை மாத்தறாங்க. எந்தப் பேரும் ரெண்டு வருஷத்துல நானூத்தி எண்பது நாளைத் தொடாது. ஆள் மட்டும் தினம் உள்ள போய் வேலை செய்வான்.”

“நாலு ஆள் பேரை ஒருத்தன் சுமக்கறான். கூலி ஒருத்தனுக்குத்தான்” என்றான் சம்பத். அவன் சிரிக்கவில்லை.

“யோசிச்சு சொல்லும்மா. உங்க வூட்டுக்காரரை அவர் பேரைச் சொல்லி கேட்ல நீங்க எப்பவாவது தேடினதுண்டா?”

யோசிக்கவே வேண்டாம். போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம் அவர் சோற்றுத் தூக்கை மறந்துவிட்டுப் போனார். நான் கொண்டுபோனேன். காவல்காரன், அந்தப் பேரில் யாரும் இல்லை என்றான். எப்படியோ தெரிந்து அவர் வெளியே ஓடிவந்தார். “இங்க வந்து எம் பேரைக் கேக்காத” என்று கடிந்துகொண்டு தூக்கைப் பிடுங்கிக்கொண்டு போனார். வேறு எந்தப் பேரைக் கேட்பது என்று நான் அன்று கேட்கவில்லை.

“அப்படின்னா போன வருஷப் பொங்கலோட அவர் பேரு ரெஸ்ட்டுக்குப் போயிருக்கு” என்றார் பரந்தாமன். “இப்ப மாசி. ஒரு வருஷம் முடிஞ்சுது. மாஸ்டர், புதுப் பேரு எந்தக் கிழமை குடுப்பாங்க?”

“வாரம் தொடங்கறது சனிக்கிழமைதானே? நாளைக்குக் காலைல, கேட்லயே. பேரைக் குடுத்தா வாங்கினவன் வாய் விட்டு ஒருவாட்டி சொல்லணும். அப்பதான் டோக்கன்.”

“அவர் பேரையா?” என்றேன். “செத்துப்போனவர் பேரையா இன்னொருத்தருக்குக் குடுப்பாங்க?”

“செத்தவர் பேருன்னு மேஸ்திரிக்குத் தெரிஞ்சா குடுக்கமாட்டாரு. உங்க வூட்டுக்காரர் சாகும்போது அவருக்கு உள்ள வேற பேரு. மாஸ்டர், இந்த மேஸ்திரி எத்தினி வருஷமா இருக்காரு?”

“சர்தார் பாஷாவா? போன வருசம் தை கடைசில வந்தாரு. பழைய மேஸ்திரி பேருங்களை ஒப்பிச்சிட்டுப் போய்ட்டாரு. எல்லாம் வாய்லதான்.”

“பேரு வந்துது, அதுக்கு உண்டான மூஞ்சி வரல” என்று பரந்தாமன் எழுந்தார்.

“தணிகைவேல் செத்தது மேனேஜருக்குத் தெரியுமே சார்” என்றான் சம்பத். “அவரு தடுக்கமாட்டாரா?”

“தடுக்கணும்னா மேஸ்திரிகிட்ட காரணம் சொல்லணும். காரணத்தைச் சொன்னா பொணத்தையும் சொல்லணும். சொல்லியிருக்கமாட்டான்னு நான் நம்பறேன்.”

“நம்பறீங்களா, தெரியுமா சார்?”

“நம்பறேன்டா” என்றார் பரந்தாமன். அவர் முகத்திலும் நம்பிக்கை ஒன்றும் பெரிதாக இல்லை.

விடியற்காலையில் கேட்டு முன்னால் வந்து நிற்கச் சொன்னதற்கு அருணகிரி முதலில் மறுத்தார். “கேட்ல வேடிக்கை பாக்கறதுக்கா கவர்மெண்ட் எனக்குச் சம்பளம் குடுக்குது?”

“உள்ள போனா உங்களுக்கு டீ குடுத்து ரிஜிஸ்டரைக் காட்டுவாங்க சார்” என்றான் சம்பத். “வெளிய நின்னா டீ கிடைக்காது. மத்தது கிடைக்கும்.”

ஆய்வாளர் அவனை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கைகூப்பவில்லை. அந்த இரண்டு மாதங்களில் கைகூப்பியே என் கைகள் களைத்துப்போயிருந்தன. என்ன நினைத்தாரோ, “ஆறு மணிக்கு வர்றேன்” என்றார்.

சனிக்கிழமை விடிந்தபோது கேட்டு முன்னால் ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம் நின்றது. நான் முக்காடிட்டுப் பெண்களோடு நின்றேன். அருணகிரி தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒரு லாரியின் நிழலில் நின்றார். சம்பத் அவருக்கு ஒரு பீடியை நீட்டினான், வேஷம் பொருந்துவதற்காக. அவர் கையைத் தட்டிவிட்டார்.

மேஸ்திரி சர்தார் பாஷா ஒரு ஸ்டூலில் ஏறி நின்றார். கனத்த உடம்பு, கரகரத்த குரல். டோக்கன் பெட்டியைக் காவல்காரன் ஏந்திக்கொண்டிருந்தான். பெயர்கள் விழ ஆரம்பித்தன. “காதர்!” “இருக்கேன்.” “கோவிந்தசாமி!” “இருக்கேன் பாய்.” சிலரை நிறுத்தி, “ஏய் ராசு, இன்னிலேந்து நீ மஸ்தான். சொல்லு” என்றார். ராசு சிரித்துக்கொண்டே “மஸ்தான்” என்று சொல்லி டோக்கனை வாங்கிக்கொண்டான். லாரியின் நிழலில் அருணகிரியின் தலை நிமிர்ந்தது.

ஆனால் எனக்கு வேண்டிய பெயர் வரவில்லை. பெட்டியில் டோக்கன் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. பரந்தாமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மேஸ்திரி ஸ்டூலிலிருந்து இறங்கினார். கூப்பிடப்படாதவர்கள் கலைய ஆரம்பித்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“ராமலிங்கம் எங்கடா?” என்று மேஸ்திரி திடீரென்று கேட்டார். “சுண்ணாம்புக் குழிக்கு அவன் வேணுமே.”

“தோ வந்துட்டேன் பாய்.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஓடிவந்தவன் சத்தார்.

“துரைக்கு இப்பதான் விடிஞ்சுதா? உன் பேரு முடிஞ்சுதுடா. இன்னிலேந்து நீ...” மேஸ்திரி கண்ணை மூடி யோசித்தார். “தணிகைவேல். சொல்லு.”

பழைய ஆட்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் முக்காட்டை இறக்கினேன். சத்தார் என்னைப் பார்த்துவிட்டான்.

“சொல்லுடா.”

“வேற பேரு குடுங்க பாய்.”

“ஏன், இந்தப் பேரை நிக்கா பண்ணிக்கவா போற? சொல்லிட்டு உள்ள போ. ஜாஸ்தி பேசாத.”

அவன் உதடு அசைந்தது. ஒரு வார்த்தை சொன்னால் டோக்கன் அவன் கையில். வீட்டில் மூன்று குழந்தைகள். சொல்லிவிட்டால்கூட நான் அவனைக் குறை சொல்லியிருக்கமாட்டேன் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. அவன் சொல்லிவிடக்கூடாதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“அது எங்க அண்ணன் பேரு பாய்” என்றான் சத்தார். “அதோ நிக்குதே அக்கா, அவங்க வூட்டுக்காரரு. அந்தப் பேரை வாங்கிகினு நான் உள்ள போமாட்டேன்.”

அருணகிரி மஃப்ளரை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்தார். தான் யார் என்று சொன்னார். மேஸ்திரியின் கை பெட்டி மேல் அப்படியே நின்றது.

“தணிகைவேல்னு ஒரு ஆள் இந்தக் கேட்டையே மிதிச்சதில்லைன்னு உங்க வக்கீல் எங்கிட்ட சொன்னாரே?”

“வக்கீல் எப்ப சார் கேட்டுக்கு வந்தாரு? பேரு இருக்குது. பழைய மேஸ்திரி குடுத்த பேரு.” அவர் சத்தாரிடம் திரும்பினார். “யார்ரா உன் அண்ணன்? எனக்குத் தெரியாம இங்க எவன்டா தணிகைவேலு?”

“உங்களுக்குத் தெரியும் பாய்.” சத்தார் அழுதுகொண்டிருந்தான். “உள்ள முனீர்னு கூப்பிட்டீங்களே, அவருதான். முனீர் அகமது.”

“முனீரா? முனீரு மேல்விஷாரத்து ஆளுன்னுதானேடா பழைய மேஸ்திரி சொன்னாரு! அவன் ஜனங்க வந்து மய்யித்தை எடுத்துகினு போனாங்கன்னு மேனேஜர் எங்கிட்ட சொன்னாரே. கழிவுக் குழியில விஷக் காத்து அடிச்சு விழுந்தவனை நான்தானே தூக்கினேன்! இந்தத் தோள்ல போட்டு...”

அவர் வாய் அப்படியே நின்றுவிட்டது. என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. உள்ளே, ஆபீஸ் படியில் மேனேஜர் தோன்றி, “பாய்! உள்ள வாங்க!” என்று கத்தினார்.

மேஸ்திரி போகவில்லை. என்னிடம் வந்தார்.

“உன் புருஷனாம்மா?”

நான் தலையசைத்தேன். இரண்டு மாதமாக யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வைத்திருந்த கேள்வியை அவரிடம் கேட்டேன். “தூக்கினப்ப உசிரு இருந்துதா?”

“இருந்துதும்மா. தண்ணி கேட்டான். குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சான். அப்புறம் சாவித்திரி, சாவித்திரின்னான். மேல்விஷாரத்தானுக்கு யாரு சாவித்திரின்னு எனக்கு ஒண்ணும் புரியல. ஏதோ பெனாத்தறான்னு நெனச்சேன். ஜும்மாவுல அவனுக்குத் துவா கேட்டேம்மா.”

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“சாவித்திரி நான்தான்” என்றேன்.

மேனேஜர் கேட்டுவரை வந்துவிட்டார். “பாய், நாளைக்கு இந்தப் பக்கம் வரணுமா வேணாமா? யோசிச்சுப் பேசுங்க. நீங்களும் டோக்கன் ஆள்தான்.”

எனக்கு அது அதுவரை தெரியாது. மற்றவர்களைக் கூப்பிடுகிறவரையும் தினம் காலையில் யாரோ கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

அருணகிரி காகிதத்தை வெளியே எடுத்தார். பரந்தாமன் குனிந்து தன் முதுகைக் காட்டினார், வைத்து எழுதுவதற்கு.

“நீங்க சொன்னதை எழுதிக்கலாமா பாய்?” என்று ஆய்வாளர் கேட்டார். “வேண்டாம்னா நான் கட்டாயப்படுத்த முடியாது.”

சர்தார் பாஷா திறந்த கேட்டைப் பார்த்தார். உள்ளே போகாமல் டோக்கனோடு நின்றுகொண்டிருந்த ஆட்களைப் பார்த்தார். கடைசியாக, தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

“எழுதிக்குங்க சார்.”

பேனா ஓட ஆரம்பித்தது. மேனேஜர் காவல்காரனிடம் ஏதோ சொன்னார். கேட்டுக் கதவு எங்கள் முன்னால் மூடியது. சர்தார் பாஷா ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். குழி எங்கே இருந்தது, யார் யார் நின்றார்கள், யார் தன்னை வீட்டுக்குப் போகச் சொன்னது, எல்லாம் சொன்னார். சொல்லி முடித்துப் பெருவிரலில் மை வாங்கி அழுத்தினார். மையை லுங்கியில் துடைத்துக்கொண்டே சத்தார் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு நாம ரெண்டு பேரும் எங்கடா போய் நிக்கறது?” என்று கேட்டார்.